குடும்ப வண்டிக்கு ஏற்ற இழுவைக் கொக்கியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பினாங்கில் டிரெய்லர் என்றதும், பட்டர்வொர்த் துறைமுகத்தை நோக்கிப் போகும் நீண்ட லாரிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். இங்கே பேசப்படுவது வேறு: தைப்பூசத்தின்போது தண்ணீர்மலைப் பந்தலுக்கு அண்டாக்களையும் எரிவாயுத் தோம்புகளையும் கொண்டு செல்வதற்கோ, சிறிய மீன்பிடிப் படகை இழுப்பதற்கோ குடும்ப வண்டியின் பின்னால் மாட்டும் இழுவண்டி.

கொக்கி வாங்கக் கடைக்குப் போகும் முன், வண்டியின் கையேட்டிலிருந்து மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை, வண்டி இழுக்கக்கூடிய எடை, கொக்கியின் நுனியில் உள்ள இரும்புப் பந்தின் மீது இறங்கக்கூடிய எடை, ஆட்களும் சாமான்களும் ஏறிய பிறகு வண்டிக்குரிய மொத்த எடை வரம்பு ஆகியவை. இழுக்கக்கூடாது என்று கையேடு சொன்னால், எவ்வளவு தடித்த இரும்பில் கொக்கி செய்து பற்றவைத்தாலும் அந்த வண்டி இழுவைக்கு உரியதாகிவிடாது. வண்டி, கொக்கி, பந்து, இழுவண்டி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வரம்பு உண்டு; அவற்றுள் எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு.

பெரும்பாலோர் இழுக்கும் எடையை மட்டும் விசாரிக்கிறார்கள். ஆனால், ஏழு பேர் அமரும் வண்டியில் முதலில் இடிப்பது பந்தின் மீது இறங்கும் எடைதான். சாமான்களோடு 600 கிலோ உள்ள இழுவண்டியில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 கிலோ, பந்தின் மீது அமர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பந்து பின் அச்சுக்கு 1.2 மீட்டர் பின்னால் இருந்து, இரு அச்சுகளுக்கும் இடைவெளி 2.75 மீட்டராக இருந்தால், நெம்புகோல் கணக்கின்படி பின் அச்சில் ஏறுவது ஏறக்குறைய 86 கிலோ. முன் சக்கரங்களோ 26 கிலோவை இழக்கின்றன. கடைசி வரிசையில் பிள்ளைகளும் அமர்ந்துவிட்டால், முன்சக்கர இயக்கமுள்ள வண்டிக்கு ஈரச் சாலையில் பிடிப்பு குறைந்துவிடும். அதற்காக எடை முழுவதையும் இழுவண்டியின் பின்பக்கம் தள்ளிவிடவும் கூடாது. பந்தின் மீது எடை போதாவிட்டால், பினாங்குப் பாலத்தின் பக்கக் காற்றில் இழுவண்டி வாலாட்டத் தொடங்கும். கனமான அண்டாக்களை அச்சின் மேலும் அதற்குச் சற்று முன்னும் வையுங்கள். வீட்டு எடைபார்க்கும் கருவியின் மேல் கட்டை வைத்து, இழுவண்டியின் இணைப்பு முனையை (பந்தின் மேல் கவிழ்ந்து பூட்டிக்கொள்ளும் பகுதி) பந்தின் உயரத்தில் நிறுத்தினால் இந்த எடையை நீங்களே அளந்துவிடலாம்.

பந்தின் அளவில் ஏமாறுவது எளிது. 50 மில்லிமீட்டர் பந்தும், இரண்டு அங்குலப் பந்தும் (50.8 மில்லிமீட்டர்) கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும், ஆகவே பந்தின் மீதும் இணைப்பு முனையின் மீதும் பொறித்திருக்கும் எண்களைப் படித்துப் பொருத்துங்கள். பந்தின் உயரத்தை அளக்கும்போது குடும்பத்தாரை வண்டியில் அமரவைத்துவிட்டு அளப்பது நல்லது. காலி வண்டியில் சமமாக நின்ற இழுவண்டி, பயண நாளில் மூக்கு கவிழ்ந்து நிற்கும்.

ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் 750 கிலோவைத் தாண்டும் இழுவண்டிக்குத் தனிப் பிரேக் கட்டாயம். அந்த எல்லையை நெருங்கும் சுமையோடு கெந்திங் மலை ஏற நினைப்பவர், குடும்ப வண்டியை விட்டுவிட்டுச் சிறு லாரியை வாடகைக்கு எடுப்பதே என் பரிந்துரை.

புதிய வண்டிகளில் பின்விளக்குக் கம்பியை வெட்டி இழுவண்டி விளக்குக்கு இணைக்காதீர்கள். மின்கலத்திலிருந்து நேரடியாக மின்சாரம் பெறும் தனிக் கருவியைப் பொருத்தச் சொல்லுங்கள். படகை உப்புநீரில் இறக்கும் முன் மின் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். கொக்கிக்கும் இழுவண்டிப் பதிவுக்கும் என்னென்ன அனுமதி தேவை என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டுவிடுங்கள்.

மாட்டிய பிறகு, பாதுகாப்புச் சங்கிலிகளை இணைப்பு முனைக்குக் கீழே குறுக்காகப் போட்டு, இழுவண்டியின் முன்பக்கத்தை அதன் ஜாக்கியால் சற்று உயர்த்துங்கள். வண்டியின் பின்பக்கமும் சேர்ந்து எழுந்தால் பூட்டு பிடித்திருக்கிறது. எழாவிட்டால் கழற்றி மீண்டும் மாட்டுங்கள்.