மலை இல்லாத ஊரில் மலைச் சைக்கிள்: யாழ்ப்பாணத்தில் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்தில் மலை என்று பெயர் எடுத்த இடம் கீரிமலை. அங்கே போய்ப் பார்த்தால் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை, கேணிக்குள் இறங்கத்தான் படி இருக்கிறது. இந்த ஊரில் ஒருவன் மலைச் சைக்கிள் வாங்கி வந்தால் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? பக்கத்து வீட்டு அன்ரி படலையில் நின்று, "ஏன் தம்பி, மோட்டார் சைக்கிளை வித்துப்போட்டியளோ?" என்று மெல்லக் கேட்டார். காசுக் கஷ்டம் என்று நினைத்துவிட்டார் போல. 2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காகக் கிடந்தபோது சைக்கிள் வைத்திருந்தவன் ராசா. வரிசை முடிந்ததும் அது மறுபடி பள்ளிக்கூடப் பிள்ளைகளின் வாகனமாகிவிட்டது.

நான் தொடங்கியது அந்த வரிசைக் காலத்தில். வரிசை முடிந்த பிறகும் விடவில்லை. என்ன சைக்கிள் வாங்குவது, எங்கே ஓடிப் பழகுவது என்று இப்போது பலர் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால் இங்கே எழுதிவைக்கிறேன்.

முதலே ஒன்று. வெளிநாட்டு வீடியோக்களில் சொல்கிற விஷயங்களில் பாதி எங்களுக்கு உதவாது. அவர்களுக்குச் சரிவு, மரவேர், சேறு. எங்களுக்குக் காற்று, உப்பு, மணல், முள். காசைச் செலவழிக்கும்போது இந்த நாலையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: சைக்கிளை எடுத்தல்

பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்து, பார்க்கப் பந்தய மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கிற மலிவுச் சைக்கிளை எடுக்காதீர்கள். நல்ல பின் சஸ்பென்சன் விலை கூடிய சாமான். மலிவானதில் இருப்பது வெறும் பாரம். நீங்கள் உழக்குகிற பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கிவிடும். நீங்கள் மேலும் கீழும் ஆடுவீர்கள், சைக்கிள் முன்னுக்குப் போகாது. எங்கள் ஒழுங்கைகளுக்கு 2 அங்குல அகல ரயரே தேவையான சஸ்பென்சன். முன் போக்கில், அதாவது முன் சில்லைப் பிடித்திருக்கிற கவையில், ஸ்பிரிங் இருந்தால் இருக்கட்டும், தார் றோட்டில் அதைப் பூட்டிவிடுகிற வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

அளவு விஷயத்தில் நான் ஏமாந்தேன். "வளந்த ஆள்தானே, பெரிசா எடுங்கோ" என்றார் கடைக்காரர். எடுத்தேன். மூன்று மாதம் தோள் நோவோடு ஓடி, நட்டத்துக்கு விற்றேன். கடையிலேயே, சீற்றுக்கு முன்னால் போகிற பாரின் இருபக்கமும் காலை வைத்து நின்று பாருங்கள். இரண்டு பாதமும் நிலத்தில் முழுதாகப் பதிந்த பிறகும் பாருக்கும் உங்களுக்கும் இடையில் 2 அங்குலமாவது இருக்க வேண்டும். சில்லு 26 அங்குலமா, 27.5ஆ, 29ஆ என்ற விவாதத்தில் தொடங்குகிற ஆள் மூழ்கத் தேவையில்லை. கட்டையான ஆளுக்கு 29 கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான்.

பழைய சைக்கிள் எடுப்பதென்றால் ஒரு சோதனை போதும். சீற்றைத் தாங்குகிற குழாயின் பிடியைத் தளர்த்தி, மேலே இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் உப்புக் கடித்து உள்ளே இறுகிவிட்டது என்று அர்த்தம். அப்படியானதன் உள்ளே வேறு என்னென்ன இறுகியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

தலைக்கவசம் வாங்குங்கள். சைக்கிளுக்கு ஹெல்மெற் போட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

படி 2: சீற்

இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஒரு மீன் வியாபாரி. விடிய ஆறு மணிக்கு, தீவுப்பக்கம் போகிற பண்ணைப் பாலத்தில், எதிர்க்காற்றில், இருபத்தொரு கியர் பூட்டிய சைக்கிளில் நான் முக்கிக்கொண்டு போகிறேன். பின்னால் கிறீச் கிறீச் என்று சத்தம். கரியரில் மீன்பெட்டி கட்டிய பழைய சைக்கிள், அறுபது வயது தாண்டியவர், சாரத்தை மடித்துக் கட்டியிருந்தார். என்னைக் கடந்து போய்விட்டார். பிறகு தேத்தண்ணிக் கடையில் நின்றவர் என்னைப் பார்த்து, "சீற் நல்லாப் பதிவாக் கிடக்கு தம்பி. உப்பிடி ஓடினா முழங்கால் போயிடும்" என்றார்.

அவர் சொன்னது முழு உண்மை, சீற் மிகத் தாழ்வாக இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு சீற்றில் இருங்கள். ஒரு பெடலை ஆகக் கீழே விட்டு, குதிக்காலை அதில் வையுங்கள். கால் நேராக நீள வேண்டும், இடுப்புச் சரியக் கூடாது. அதுதான் உயரம். ஓடும்போது பாதத்தின் முன்பகுதியை வைத்து உழக்குவீர்கள், அப்போது முழங்கால் தானாகவே கொஞ்சம் மடிந்திருக்கும். இறங்கி நிற்கும்போது கால் முழுதாக நிலத்தில் படவில்லை என்று பயப்படாதீர்கள். நிற்கும்போது சீற்றிலிருந்து முன்னுக்கு இறங்கி நிற்கப் பழகுங்கள். மணலில் ஓடப் போகிற நாளில் மட்டும் ஓர் அங்குலம் பதித்துக்கொள்ளலாம்.

படி 3: காற்று அடித்தல்

ரயரின் பக்கவாட்டில் ஆகக் குறைந்ததும் ஆகக் கூடியதும் எவ்வளவு என்று எழுதியிருக்கும். சாதாரண உடம்புக்காரருக்கு, 2 அங்குல ரயரில், தார் றோட்டுக்கு 40 பிஎஸ்ஐ (காற்றழுத்த அலகு) அளவில் சரிவரும், செம்மண் ஒழுங்கைக்கு 30. மலைச் சைக்கிள்களில் அனேகமாக மோட்டார் சைக்கிளுக்கு வருகிற அதே வால்வுதான், அதனால் பெற்றோல் செட்டில் அடிக்கலாம். ஆனால் விட்டு விட்டு அடியுங்கள். ஒரே அமுக்காக அமுக்கினால் ரியூப் வெடித்துவிடும்.

முள் குத்தினால் ரியூப்பை ஒட்டுவதற்கு முன் ரயரின் உட்புறத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். உடைமுள்ளின் நுனி உள்ளேயே நிற்கும். நான் ஒரே முள்ளுக்கு மூன்று ஒட்டுப் போட்ட ஆள்.

படி 4: காற்றோடு பழகுதல்

மலை ஏறிப் பழகுவதற்கு எங்களுக்குக் கிடைத்திருப்பது காற்று. கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் மணிக்கு 15 கிலோமீற்றரில் போகிறீர்கள், எதிரே காற்று 20இல் வருகிறது. உங்கள் நெஞ்சில் மோதுவது 35. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே காற்றில்லாத நாளில் இருப்பதைவிட 5 மடங்குக்கு மேல் தடை. ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்து நான் போட்டுப் பார்த்த கணக்கில், அது 100 மீற்றருக்கு 3 மீற்றர் உயர்கிற ஏற்றத்துக்குக் கிட்டத்தட்டச் சமம். மலையிலாவது இடைக்கிடை இறக்கம் வரும், ஒரு மரநிழல் வரும். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல்தான்.

அதனால் ஒரு எளிய விதி. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. சோளகம் அடிக்கிற காலத்தில், வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை, காற்று தென்மேற்கிலிருந்து வரும். அப்போது தீவுப்பக்கம் போங்கள்: பண்ணை, மண்டைதீவுச் சந்தி, வேலணை. களைத்த பிறகு காற்றே உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து விடும். கார்த்திகைக்குப் பிறகு வாடை வடகிழக்கிலிருந்து வரும். அப்போது வடமராட்சிப் பக்கம், வல்லை வெளியால் போங்கள். இதை மாற்றிச் செய்தால் என்ன நடக்கும் என்று கேட்காதீர்கள். ஒரு ஆடி மாதம் பருத்தித்துறையிலிருந்து 30 கிலோமீற்றருக்கு மேல் சோளகத்துக்கு எதிரே திரும்பி வந்திருக்கிறேன். வல்லை வெளியில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

எதிர்க்காற்றில் புதியவர்கள் செய்கிற பிழை, பாரமான கியரில் கிடந்து மிதிப்பது. கியரைக் குறையுங்கள். ஒரு காலின் சுற்றை மட்டும் 15 விநாடி எண்ணுங்கள். 18 முதல் 20 சுற்று வர வேண்டும். முழங்கையை மடித்து உடம்பைத் தாழ்த்துங்கள். வேகமானியைப் பார்க்காதீர்கள், மனம் உடைந்துவிடும்.

முதல் இரண்டு கிழமை, கிழமைக்கு மூன்று நாள், அரை மணித்தியாலம் போதும். நல்லூருக்குப் பின்னால் ஒழுங்கைகளில் ஓடுங்கள், செம்மணிப் பக்கம் போய் வாருங்கள். ஓடிக்கொண்டே ஒரு முழு வசனம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடிகிறதென்றால் வேகம் சரி. மூன்றாம் கிழமை பாலத்துக்குப் போகலாம். ஒழுங்கை நாய்களிடம் வேகம் காட்டாதீர்கள். சைக்கிளை நிறுத்தி இறங்கினால் அனேகமான நாய்களுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியாது.

இப்படிப் பழகி உண்மையான மலையில் ஓட முடியுமா? ஒருமுறை ஹப்புத்தளை போனேன். தம்பேதன்னை தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து லிப்டன் சீற் வரை, தேயிலைத் தோட்டத்துக்குள்ளால் ஏறக்குறைய 7 கிலோமீற்றர் ஏற்றம். மூச்சும் தாங்கியது, காலும் தாங்கியது. இறங்கும்போதுதான் அவமானம். பிறேக்கை நீளப் பிடித்துப் பழக்கமில்லாத கை, பாதி வழியில் விறைத்துவிட்டது. ஓரமாக நின்று விரல்களை உதறிக்கொண்டிருந்தேன். கொழுந்து எடுத்துக்கொண்டு நின்ற அக்காமார் சிரித்தார்கள். காற்று ஏறச் சொல்லித்தரும், இறங்கச் சொல்லித்தராது.

படி 5: மணல்

மணற்காட்டுக்குப் போங்கள். சவுக்குக் காடு, மணல் மூடிய பழைய அந்தோனியார் கோயில், கடல். பார்க்கவாவது போக வேண்டிய இடம். ரயரில் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்குங்கள். மணலுக்குள் நுழைவதற்கு முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், உள்ளே போன பிறகு மாற்றினால் செயின் முறுகும். உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, ஹான்டிலை இறுக்காமல், உழக்குவதை நிறுத்தாமல் போங்கள். முன் சில்லு தன்பாட்டுக்குக் கொஞ்சம் அலையும், அலைய விடுங்கள். திருத்தப் போனால் விழுவீர்கள். விழுந்தாலும் மணல்தான். திரும்ப றோட்டுக்கு வந்ததும் காற்றை அடியுங்கள், அதனால் சின்னப் பம் ஒன்று கட்டாயம் வேண்டும்.

அடம்பன் கொடி படர்ந்த இடத்தில் ஏற்றாதீர்கள். மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். ஆட்கள் நடந்து பதிந்த பாதையில் ஓடினால் போதும். அப்புறம், முகமாலைப் பக்கம் போகிறவர்கள் புதுப்பாதை தேடக் கூடாது. மிதிவெடி அகற்றிய, அகற்றுகிற நிலம் அது. சிவப்புப் பலகை கண்டால் தார் றோட்டை விட்டு ஓரடியும் இறங்க வேண்டாம்.

படி 6: வயிறு

விடிய ஐந்தரைக்குப் புறப்பட்டு எட்டரைக்குள் வீட்டுக்கு வாருங்கள். அதற்குப் பிறகு வெயிலோடு மல்லுக்கட்ட முடியாது. மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்குக் குறையாமல் தண்ணி. ஒரு போத்தலில் வெறும் தண்ணி, மற்றதில் தேசிக்காய், சீனி, ஒரு சிட்டிகை உப்பு. வெளிநாட்டு சக்தி ஜெல் ஒன்றின் விலைக்கு ஒரு குட்டான் பனங்கட்டி வாங்கலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் அரை மணிக்கு ஒருமுறை சின்னத் துண்டு ஒன்றை வாய்க்குள் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டு கதலிப்பழம் பையில் இருக்கட்டும். திரும்பி வந்து பழஞ்சோறு, மோர், சின்ன வெங்காயம். இதற்கு மேல் எந்தப் பவுடரும் நான் குடித்ததில்லை.

படி 7: உப்பைக் கழுவுதல்

வேலணையில் ஒரு நாள் செயின் அறுந்தது. பாலத்தில் அலை தெறிக்கிற நாட்களில் ஓடிவிட்டு, அப்படியே சுவரில் சாத்திவிட்டுப் படுத்ததன் பலன். அன்று வந்த ஓட்டோக்காரர் சைக்கிளை ஏற்ற மறுத்துவிட்டார், அதுவேறு.

கடல் பக்கம் போய் வந்தால் அன்றே கழுவ வேண்டும். நல்ல தண்ணிக் கிணற்றில் ஒரு வாளி, மேலிருந்து மெல்ல ஊற்றுங்கள். மோட்டார்க் குழாயை நேரே சில்லின் நடுவுக்குப் பிடிக்காதீர்கள், உள்ளே இருக்கிற கிறீஸ் போய்விடும். பழைய சாரத் துண்டால் செயினைத் துடைத்து, நிழலில் காயவிடுங்கள். காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி சைக்கிள் எண்ணெய். பத்து நிமிடம் பொறுத்து, வெளியே நிற்கிற எண்ணெயை முழுக்கத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளேதான் வேலை செய்யும், வெளியே இருப்பது மணலைத்தான் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் பிசினாகிவிடும். கழிவு ஒயில் வேண்டவே வேண்டாம், அதில் ஏற்கெனவே அழுக்கு.

மாதம் ஒருமுறை அடிமட்டத்தால் செயினை அளந்து பாருங்கள். கண்ணிகளைக் கோர்க்கிற ஒரு ஊசியின் நடுவில் பூச்சியத்தை வைத்தால், அதற்கு அடுத்ததிலிருந்து எண்ணி 24ஆவது ஊசியின் நடு சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். தச்சர் கணக்கில் அரை நூல், அதாவது அங்குலத்தில் 16இல் ஒரு பங்கு, கூடியிருந்தால் செயினை மாற்றுங்கள். ஒரு நூல் கூடும்வரை விட்டால் பின்னாலுள்ள பல்லுச் சில்லையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும், அது செயினைவிடச் செலவு.

போன ஞாயிறு பின்னேரம் அளந்தேன். அரை நூல் கூடிவிட்டது. புதுச் செயின் வரும்வரைக்கும் அப்பாவின் பழைய லுமாலாவில்தான் திரிகிறேன். தொண்ணூறுகளில், பெற்றோல் இல்லாத காலத்தில், விறகு மூட்டையிலிருந்து எங்களை வரைக்கும் ஏற்றிய சைக்கிள். செயினை முழுக்க மூடிய தகரக் கவர் இன்னும் அதில் இருக்கிறது. கடைசியாக எப்போது செயின் மாற்றினீர்கள் என்று அப்பாவிடம் கேட்டேன்.

பேப்பரைக் கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "மாத்துறதோ?"