பழைய டொமைனிலிருந்து புது டொமைனுக்கு: கூகுள் தேடலில் பிடித்த இடத்தை விடாமல் மாறுவது எப்படி?

ராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜ் என்று வைத்துக்கொள்வோம். பழைய டொமைனில் (இணையதளத்தின் முகவரிப் பெயர்) 40 பக்கங்கள்: ரூம் வாடகை, 22 தீர்த்தம் ஆடும் முறை, தனுஷ்கோடிக்குப் போகும் வழி. இப்போது புதுப் பெயர், புது டொமைன். ஆடி அமாவாசை, தை அமாவாசை நெருங்கும்போது மட்டும் இந்த வேலையைத் தொடாதீர்கள். கூகுள் எல்லாப் பக்கங்களையும் மறுபடி படித்து முடிக்கச் சில வாரங்கள் ஆகும். அதுவரை தேடல் வரிசை ஏறி இறங்கும்.

முதலில் எக்செலில் ஒரு பட்டியல் போடுங்கள். இடப்பக்கம் பழைய முகவரி, வலப்பக்கம் புது முகவரி. சைட்மேப்பை (தளத்தின் பக்கங்களைக் கூகுளுக்குச் சொல்லும் பட்டியல் கோப்பு) மட்டும் நம்ப வேண்டாம். சர்ச் கன்சோலில் (தளம் தேடலில் எப்படி வருகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் கருவி) கிளிக் வாங்கும் பக்கங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டொமைன் பெயருக்குப் பின்னால் வரும் பகுதியை மாற்றாமல் விட்டால் பாதி வேலை மிச்சம்.

அடுத்து, தளத்தைப் புது இடத்தில் முழுதாக ஏற்றுங்கள். கட்டும்போது போட்ட 'நோஇண்டெக்ஸ்' குறியை ('தேடலில் காட்டாதே' என்று கூகுளுக்குச் சொல்வது) எடுத்துவிட்டீர்களா? கெனானிக்கல் குறியும் ('இதுதான் அசல் முகவரி' என்று கூகுளுக்குச் சொல்வது) உள் இணைப்புகளும் புது டொமைனைக் காட்டுகின்றனவா? கெனானிக்கல் பழையதையே காட்டினால், எது அசல் பக்கம் என்று கூகுள் குழம்பும்.

இனி ரீடைரக்ட், அதாவது பழைய முகவரிக்கு வருபவரைத் தானாகப் புது முகவரிக்குத் திருப்பிவிடுவது. சிபேனலில் (ஹோஸ்டிங் நிறுவனம் தரும் நிர்வாகப் பக்கம்) 'ரீடைரக்ட்ஸ்' திறந்து, நிரந்தர மாற்றத்தைக் குறிக்கும் 'பெர்மனன்ட் 301' தேர்ந்து, உள்பக்கங்களையும் அதே பெயரில் திருப்பும் 'வைல்ட் கார்ட்' கட்டத்தில் டிக் போடுங்கள். 302 என்பது தற்காலிகம். அதைப் போட்டால் பழைய முகவரியே தேடலில் தங்கிவிடக்கூடும். வைல்ட் கார்டை மறந்தால் உள்பக்கங்கள் ஒழுங்காகப் போய்ச் சேராது. சிலர் சுலபம் என்று 40 பக்கங்களையும் முகப்புக்கே திருப்பிவிடுவார்கள். தனுஷ்கோடிக்கு வழி கேட்டு வந்தவரை பஸ் ஸ்டாண்டிலேயே இறக்கிவிடுகிற கதைதான் அது. அப்படிப்பட்ட பக்கங்களை கூகுள் 'சாஃப்ட் 404', அதாவது இல்லாத பக்கத்துக்குச் சமம், என்று ஒதுக்கிவிடலாம். அவை சேர்த்த மதிப்பும் அதோடு போகும். பக்கத்துக்குப் பக்கம் திருப்புவதுதான் இந்த வேலையின் உயிர்.

பழைய டொமைனின் எஸ்எஸ்எல் சான்றிதழும் (பாதுகாப்பான எச்டிடிபிஎஸ் இணைப்புக்கானது) உயிரோடு இருக்க வேண்டும். காலாவதியானால், ரீடைரக்ட் நடக்கும் முன்பே பிரவுசர் எச்சரிக்கை காட்டி ஆளைத் திருப்பி அனுப்பிவிடும். ரோபோட்ஸ் கோப்பில் (தேடுபொறிகள் எங்கே வரலாம், வரக்கூடாது என்று சொல்லும் கோப்பு) பழைய டொமைனை அடைத்தும் வைக்காதீர்கள்; உள்ளே வர முடியாவிட்டால் ரீடைரக்ட் இருப்பதே கூகுளுக்குத் தெரியாது.

சோதிக்க இன்காக்னிட்டோ ஜன்னல் எடுங்கள், ஏனென்றால் பிரவுசர் 301-ஐ நினைவில் வைத்துக்கொள்ளும். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ், டபிள்யூடபிள்யூடபிள்யூ உள்ளது, இல்லாதது என நான்கு வடிவத்திலும் பாருங்கள். புது முகவரியை அடைய மூன்று முறை திரும்பிப் போனால், ரீடைரக்ட் விதியைத் திருத்தி ஒரே முறையில் போய்ச் சேரும்படி செய்யுங்கள்.

பிறகு சர்ச் கன்சோல். இரண்டு டொமைன்களும் ஒரே கூகுள் கணக்கில் உரிமை சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். பழைய டொமைனின் செட்டிங்ஸில் 'சேஞ்ச் ஆஃப் அட்ரஸ்' கொடுத்து, புது டொமைனில் புது சைட்மேப்பைச் சமர்ப்பியுங்கள். இந்த அறிவிப்பு 180 நாள் செல்லும்.

ரீடைரக்டைக் குறைந்தது ஒரு வருடம் வைத்திருக்கச் சொல்கிறது கூகுள். டொமைனைக் கைவிடவே கூடாது என்பது எங்கள் கட்சி: நீங்கள் விட்டால் வேறொருவர் வாங்குவார், ரிசப்ஷனில் ஒட்டிய க்யூஆர் கோடு அவர் தளத்தைத் திறக்கும். ஆட்டோ ரினியூவல் போட்டுவிடுங்கள். பழைய டொமைனில் மின்னஞ்சல் ஓடினால் அதன் எம்எக்ஸ் பதிவில் (மின்னஞ்சல் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் டொமைன் அமைப்பு) கை வைக்காதீர்கள். கூகுள் மேப்ஸில் உள்ள லாட்ஜ் பக்கத்தின் இணைப்பை மாற்றுவது இரண்டு நிமிட வேலை, அதை அன்றைக்கே முடித்துவிடுங்கள்.