பாரிஸ் பட்ஜெட்: நாள் கணக்கில் போட்டால் ஏன் இடிக்கிறது?

பாரிஸ் போகப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "ஒரு நாளைக்கு எவ்வளவு ஆகும்?" என்றுதான். ஒருவர் 100 யூரோ என்பார், இன்னொருவர் 150 என்பார். அதை நாட்களால் பெருக்கி, யூரோ 100 ரூபாயைத் தாண்டிவிட்ட கணக்கில் ரூபாயாக்கி, கைச்செலவுக்குக் கொஞ்சம் கூட்டினால் பட்ஜெட் முடிந்தது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் இந்தப் பெருக்கலில்தான் இடிக்கிறது. பாரிஸில் செலவு நாளுக்கு நாள் சமமாக விழாது. எந்தக் கிழமை இறங்குகிறீர்கள், எந்த ஏர்போர்ட்டில் இறங்குகிறீர்கள், காபியை நின்று குடிக்கிறீர்களா உட்கார்ந்து குடிக்கிறீர்களா என்பதெல்லாம் கணக்கை மாற்றும். அதனால் நாள் கணக்கை விட்டுவிட்டு, ஒரு காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செலவு செலவாக எழுதுவதே சரி.

பிரான்ஸ் விசாவுக்கு ஓட்டல் பதிவு இருந்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு 65 யூரோ, இல்லாவிட்டால் 120 யூரோ கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். இந்த 65-ஐயே செலவுக் கணக்காக எடுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். விசா அதிகாரி திருப்தியடையும் தொகை அது, உங்கள் குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும் என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது. விசாவுக்கே ஆகும் செலவையும் பலர் எழுத மறக்கிறார்கள். பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாதான் நாம் வாங்குவது. 2024 ஜூன் முதல் அதன் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். நிராகரித்தாலும் விசாக் கட்டணம் திரும்ப வராது. எனவே விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய அறையை மட்டும் பதிவு செய்யுங்கள், வாடகை சற்றுக் கூடினாலும் பரவாயில்லை.

பாரிஸில் சொந்தக்காரர் வீடு இருக்கிறதே, ஓட்டல் செலவு மிச்சம்தானே என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களை வீட்டில் தங்கவைப்பதாக அவர் தன் ஊர் நகராட்சியில் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். அதற்கு 30 யூரோ முத்திரைக் கட்டணம், சான்று கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் போனதுதான். நேரமும் பிடிக்கும். டிக்கெட் போட்ட பிறகு அவருக்கு போன் போடாதீர்கள்.

அடுத்து, போகும் மாதம். பள்ளி விடுமுறை என்பதால் நம்மவர்கள் ஏப்ரல், மே மாதங்களைத்தான் பார்க்கிறார்கள். மே கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பாரிஸில் ரோலண்ட் காரோஸ் டென்னிஸ் நடக்கும். மார்ச் தொடக்கத்திலும் செப்டம்பர் கடைசியிலும் ஃபேஷன் வாரங்கள். அந்த நாட்களில் அறை வாடகை எகிறிவிடும். ஆகஸ்டில் பாரிஸ்காரர்களே ஊரைவிட்டுப் போய்விடுவார்கள், சில சின்னக் கடைகள் மூடியிருக்கும், ஆனால் அறை சல்லிசாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. குளிர் தாங்கும் என்றால் ஜனவரி இன்னும் நல்லது.

அறை வாடகையோடு சுற்றுலா வரி ஒன்று உண்டு. முன்பதிவுத் தளங்களில் பெரும்பாலும் பொடி எழுத்தில்தான் இருக்கும், பணத்தை ஓட்டலில் போய்க் கட்டவேண்டும். 2024-ல் இதை ஏறக்குறைய மூன்று மடங்காக்கிவிட்டார்கள். 3 நட்சத்திர ஓட்டலில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 5 யூரோவுக்கு மேல், 4 நட்சத்திரத்தில் 8 யூரோவுக்கு மேல். கணவன் மனைவி இருவரும் 3 நட்சத்திர ஓட்டலில் ஏழு இரவு தங்கினால் வரி மட்டும் 70 யூரோவைத் தாண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இது கிடையாது.

போக்குவரத்தில்தான் பழைய தகவல் அதிகம் சுற்றுகிறது. பத்து டிக்கெட் கட்டாக வாங்கினால் மலிவு, தூரத்துக்கு ஏற்ற டிக்கெட் வாங்கவேண்டும் என்று இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2025 ஜனவரி 1 முதல் அதெல்லாம் போய்விட்டது. அந்த ஆண்டுக் கட்டணப்படி மெட்ரோவோ புறநகர் ரயிலோ, பாரிஸ் வட்டாரத்துக்குள் எங்கே போனாலும் 2.50 யூரோ. வெர்சாய் அரண்மனைக்கும் அதேதான், டிஸ்னிலேண்டுக்கும் அதேதான். பஸ், டிராமுக்குத் தனியாக 2 யூரோ டிக்கெட், மெட்ரோ டிக்கெட்டை வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏற முடியாது. ஏற்றி வைத்துக்கொள்ளும் நவிகோ ஈசி கார்டு 2 யூரோ, ஆளுக்கு ஒன்று வேண்டும். ஒரே கார்டை நால்வரும் மாற்றி மாற்றித் தட்டி உள்ளே போனால், பரிசோதகர் வரும்போது மூன்று பேருக்கு அபராதம்.

ஏர்போர்ட்டுக்கு மட்டும் விதி வேறு. 2025-ல் அந்த டிக்கெட் 13 யூரோ. இங்கேதான் காலண்டர் வேலை செய்கிறது. நவிகோ வாரப் பாஸ் அந்த ஆண்டில் 31.60 யூரோ, ஏர்போர்ட் பயணமும் அதில் அடக்கம். இதற்கான கார்டு வேறு, அதற்கு 5 யூரோ, சின்னப் போட்டோ ஒன்றும் வேண்டும். போகவர ஏர்போர்ட் டிக்கெட்டே 26 யூரோ என்பதால், இடையில் ஐந்து தடவை மெட்ரோ ஏறினால் பாஸ் லாபத்துக்கு வந்துவிடும். ஆனால் அந்த "வாரம்" என்பது திங்கள் முதல் ஞாயிறு வரைதான், வாங்கிய நாளிலிருந்து ஏழு நாள் இல்லை. திங்கள் காலை இறங்குபவருக்கு அது வரப்பிரசாதம். வியாழன் இறங்கி அதையே வாங்கினால் ஞாயிறு இரவோடு செத்துவிடும். விமான டிக்கெட்டில் ஒரு நாள் முன்னே பின்னே போக வழியிருந்தால் இதையும் சேர்த்துப் பாருங்கள்.

நான்கு பெரிய ஆட்கள் என்றால் இன்னொரு கணக்கு. சார்ல் தெ கோல் ஏர்போர்ட்டிலிருந்து ரயிலில் வந்தால் 52 யூரோ. அரசு நிர்ணயித்த டாக்சிக் கட்டணம் 2025-ல் செய்ன் ஆற்றின் வலக்கரைக்கு 56, இடக்கரைக்கு 65. பெட்டிகளோடு படிக்கட்டில் ஏறி இறங்குவதைத் தவிர்க்க நான்கு யூரோ தாராளமாகக் கொடுக்கலாம். ஒன்று மட்டும், டாக்சிக்கு முறையான வரிசையில் நில்லுங்கள். வாசலிலேயே வந்து "டாக்சி? டாக்சி?" என்பவரோடு போனால் இந்தக் கட்டணம் செல்லாது.

ஐரோப்பாவின் வேறு நகரத்திலிருந்து 20 யூரோவுக்கு பாரிஸ் விமானம் கிடைக்கிறதா? அது போவே ஏர்போர்ட்டாக இருக்கலாம். நகரத்திலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். பஸ் கட்டணம், பெட்டிக் கட்டணம், போகிற அரை நாள் எல்லாம் சேர்த்தால் அந்த 20 யூரோ சிரிக்கும்.

மியூசியங்களுக்கும் பழைய கணக்கு உதவாது. லூவ்ர் நுழைவு 2023 வரை 17 யூரோ, 2024-ல் 22. 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 32. நாம் அந்த 32-ல் வருகிறோம். இணையத்தில் படிக்கும் பட்ஜெட் எந்த ஆண்டு எழுதியது, யாருக்காக எழுதியது என்று பார்க்காமல் எடுத்தால் இருவருக்கு லூவ்ரில் மட்டும் 20, 30 யூரோ துண்டு விழும். 18 வயதுக்குக் கீழ் இலவசம் என்பதால் பிள்ளைகளுக்கு, பல மியூசியங்களுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட்டாக விற்கும் மியூசியம் பாஸ் வாங்குவது வீண். பெரியவர்களும் நன்றாகக் கூட்டிப் பார்த்தே வாங்கவேண்டும். பாஸ் மணிக்கணக்கில் தொடர்ச்சியாக ஓடும், ஈஃபல் டவர் அதில் வராது, லூவ்ருக்கு எப்படியும் நேரம் பதிவு செய்தாக வேண்டும். லூவ்ர் செவ்வாய் விடுமுறை, ஓர்சே மியூசியம் திங்கள் விடுமுறை. இரண்டு நாள் பாஸை திங்களன்று தொடங்குபவரை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

மாதத்தின் முதல் ஞாயிறு ஓர்சே இலவசம், முன்பதிவு மட்டும் வேண்டும். கார்னவாலே, பெத்தி பாலே போன்ற நகராட்சி மியூசியங்களின் நிரந்தரக் காட்சிகள் எல்லா நாளும் இலவசம். பாரிஸின் கதையைத் தெரிந்துகொள்ள கார்னவாலேவை நான் லூவ்ருக்கு மேலே வைப்பேன். 2024 டிசம்பரில் மீண்டும் திறந்த நோத்ர் தாம் தேவாலயத்துக்குள் போகவும் காசில்லை, அதற்கு டிக்கெட் விற்கும் தளம் எதுவானாலும் நம்பாதீர்கள். ஈஃபல் டவர் உச்சிக்கு லிஃப்டில் 35 யூரோவுக்கு மேல். இரண்டாம் தளம் வரை படியேறினால் அதில் பாதிகூட ஆகாது, ஊரைப் பார்க்க அந்த உயரமே போதும்.

சாப்பாட்டில் உட்காரும் இடத்துக்கும் விலை உண்டு. காபிக் கடையில் கவுண்டரில் நின்று குடிக்க ஒரு விலை, தெருப் பார்த்த மேசையில் குடிக்க இன்னொரு விலை. ஏமாற்று ஒன்றுமில்லை, விலைப்பட்டியலிலேயே போட்டிருப்பார்கள். பெரிய செலவை மதியத்துக்கு வையுங்கள். அதே உணவகம் மதியம் கொடுக்கும் "ஃபார்முல்" செட் சாப்பாடு இரவு விலையைவிட நன்றாகக் குறையும். பலர் மதியம் சாண்ட்விச் தின்றுவிட்டு இரவில் உணவகத்துக்குப் போகிறார்கள், பர்ஸுக்குத் தலைகீழ் வழி அது. தண்ணீர் கேட்டால் பாட்டில் வரும், பில்லும் வரும். "உன் கராஃப் தோ" என்று கேளுங்கள், குழாய்த் தண்ணீரை ஜாடியில் இலவசமாகக் கொடுப்பார்கள். சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்திருப்பதால் டிப்ஸுக்குத் தனியாக 10 சதவீதம் ஒதுக்கவேண்டாம்.

இரண்டு மூன்று நாளில் நாக்கு சோறு கேட்கும். லா ஷப்பேல் மெட்ரோவில் இறங்கினால் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசை, கொத்துப் பரோட்டா, சோறு கறி எல்லாம் ஈஃபல் பக்கத்து விலையில் பாதிக்குக் கிடைக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் இதையும் திட்டத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். பசித்த குழந்தையோடு டவர் அடியில் நிற்கும்போது யாரும் விலை பார்ப்பதில்லை.

கார்டு தேய்க்கும்போது மெஷின் "ரூபாயிலா, யூரோவிலா?" என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாய் என்றால் அந்த மெஷின்காரர் வைத்த ரேட் விழும். நம் கிரெடிட் கார்டுகள் பலவற்றில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதம் வரை கட்டணம், அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு. டூர் பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று விற்பவரே முன்கூட்டி வரி பிடிப்பார். வருமான வரிக் கணக்கில் அதைத் திரும்பப் பெறலாம் என்றாலும் கிளம்பும் நேரத்தில் கையில் பணம் வேண்டும்.

கடைசியாக ஷாப்பிங். பிரான்ஸில் வாட் வரி 20 சதவீதம், அதெல்லாம் திரும்ப வந்துவிடும் என்று கணக்குப் போட்டு கைப்பை வாங்குகிறார்கள். ஒரே கடையில் 100 யூரோவுக்கு மேல் வாங்கினால்தான் இந்தச் சலுகை, நடுவில் இருப்பவர்களின் கமிஷன் போக கையில் வருவது பெரும்பாலும் 12 சதவீதம் அளவுதான். கடையிலேயே பாஸ்போர்ட்டைக் காட்டிப் படிவம் வாங்கவேண்டும், ஏர்போர்ட்டில் "பாப்லோ" என்ற மெஷினில் அதை ஸ்கேன் செய்யவேண்டும். சுங்க அதிகாரி பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால், பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிடுங்கள்.