சீட்டில் 'மயக்கம்' என்று வந்தால்: வார்டில் தாதி செய்ய வேண்டியவை

மலேசியாவில், சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்து ஆஸ்பத்திரியில், அவசரப் பிரிவிலிருந்து வரும் அட்மிஷன் சீட்டில் பல நேரம் ஒரு வரிதான் இருக்கும். 'கிடினஸ்' (தலைசுற்றல்), 'லெதார்ஜி' (அசதி), 'காய்ச்சல், டெங்கியா பார்க்கவும்'. அதை நோயின் பெயராக எடுத்துக்கொள்ளாதீர்கள். பாட்டி தமிழில் சொன்னது மலாய்க்கு மாறி, ஆங்கிலத்துக்கு மாறி உங்கள் கைக்கு வந்திருக்கிறது. தமிழ் தெரிந்த மிசி அந்த முதல் வார்த்தையைத் தேடிப் போக வேண்டும்.

அதிகம் குழப்புவது 'மயக்கம்'தான். மலாய் 'பெனிங்' தலைவலிக்கும் ஆகும், தலைசுற்றலுக்கும் ஆகும். நம் 'மயக்கம்' அதைவிட மோசம். அதனால் இப்படிப் பிரித்துக் கேளுங்கள்: "வீடு சுத்துற மாதிரி இருந்துச்சா? எந்திரிச்சா கண்ணு இருட்டுச்சா? நினைவு தப்பிக் கீழ விழுந்தீங்களா? இல்ல, தூங்கித் தூங்கி வழியுறாரா?"

நான்கும் நான்கு வழி. வீடு சுற்றினால் பெரும்பாலும் காதுக் கோளாறு. ஆனால் பேச்சு குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, ஒன்று இரண்டாகத் தெரிந்தாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். கடைசியாக எத்தனை மணிக்கு நல்லா இருந்தார் என்று வீட்டாரிடம் கேட்டு எழுதி, உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு 4.5 மணி நேரம். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதென்றால் வழியிலேயே அதில் ஒரு பங்கு போய்விடும்.

எழுந்தால் இருட்டுகிறது என்றால், 5 நிமிடம் படுக்கவைத்து பிரஷர் பாருங்கள். பிறகு நிற்கவைத்து 1ஆம் நிமிடமும் 3ஆம் நிமிடமும் பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் அது காரணம் தேட வேண்டிய விஷயம். மலம் கறுப்பாகப் போனதா என்று அப்போதே கேளுங்கள். மூட்டுவலி மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கி, வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறவர்கள் உண்டு. நினைவு தப்பி விழுந்தவருக்கு இசிஜி எடுக்க வேண்டும்.

தூங்கி வழிகிறவருக்கு எல்லாவற்றுக்கும் முன்னால் விரலில் குத்தி சீனி பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் கீழே இருந்து, விழுங்க முடிகிறவரென்றால், 15 கிராம் குளுக்கோஸ் அல்லது 3 டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். விழுங்க முடியாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். அவருக்கு ரத்தக்குழாய் வழியாகக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டும். சீனி ஏறிவிட்டது என்று விட்டுவிடவும் கூடாது. கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு மாதிரி இனிப்புநீர் மாத்திரை போட்டுச் சாப்பிடாமல் இருந்தவருக்கு, சிறுநீரகமும் பழுதாக இருந்தால், நடுராத்திரியில் மறுபடியும் இறங்கும். என்ன மாத்திரை என்று பையைத் திறந்து பாருங்கள்.

'உடம்பு அசதி', 'கேஸ்டிரிக்' என்று வரும் இனிப்புநீர்க்காரர்களிடம், அதிலும் வயதான அம்மாக்களிடம், இன்னும் கவனம் வேண்டும். "நெஞ்சு கரிக்குது, காத்து புடிச்சிருக்கு" என்பார்கள். நெஞ்சுவலி என்ற சொல்லே வராது, ஆனால் மாரடைப்பாக இருக்கும். 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுங்கள். முதல் தாள் சரியாக இருந்து தொல்லை நிற்கவில்லை என்றால் திரும்ப எடுங்கள்.

காய்ச்சலுக்கு முதல் கேள்வி: எந்த நாள், எத்தனை மணிக்கு ஆரம்பித்தது? 'மூணு நாளா' என்பது போதாது, ஏனென்றால் டெங்கியில் நாள் கணக்குதான் எல்லாம். 3ஆம் நாளுக்கும் 7ஆம் நாளுக்கும் நடுவில் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து வரும். நெற்றி குளிர்ந்ததும் வீட்டார் சந்தோஷப்படுவார்கள். நீங்கள் அப்போது வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுதல் இவற்றைப் பாருங்கள். பிளேட்லெட் சரசரவென இறங்கும்போது ஹிமட்டோகிரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறினால், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறது என்று அர்த்தம்.

டெங்கி இல்லையென்றால் வேலையைக் கேளுங்கள். செம்பனைக் காட்டில் எலி உண்டு, எலி மூத்திரம் கலந்த ஈரத்தில் வெறுங்காலோடு நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வரும். கெண்டைக்கால் தொட்டாலே வலிக்கும், கண் சிவந்திருக்கும். தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர் வாந்தியோடு வந்து, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கி, எச்சில் ஒழுகினால் அது பூச்சிமருந்து விஷம். கையுறை போட்டு, சட்டையைக் கழற்றிப் பையில் கட்டி, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள், டாக்டரையும் உடனே கூப்பிடுங்கள்.

காய்ச்சலில் இன்னொன்று, பலரும் தவறவிடுவது. திரையை இழுத்துவிட்டு, டார்ச் அடித்து, அக்குள், மார்புக்குக் கீழ், அரைஞாண் கயிறு படும் இடம், தொடை இடுக்கு என்று பாருங்கள். சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவப்பு வளையம். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அது ஸ்க்ரப் டைபஸ் என்ற காய்ச்சலைப் பரப்பும் சிற்றுண்ணி (மைட்) கடித்த தடம். செஃப்ட்ரியாக்ஸோன் ஆன்டிபயாட்டிக் அதற்குக் கேட்காது, டாக்ஸிசைக்ளின் கேட்கும். அந்தப் பொருக்கை நீங்கள் பார்த்துச் சொன்னால் மருந்தே மாறும்.

கடைசியாக எழுதுவது. 'பேஷண்ட் வீக்' என்று எழுதாதீர்கள். அவர் சொன்ன வார்த்தையை அப்படியே மேற்கோளில் போட்டு, பக்கத்தில் மலாயிலோ ஆங்கிலத்திலோ பொருள் எழுதுங்கள். கீழே மணி, முழு ஒரு நிமிடம் எண்ணிய மூச்சு, நாடி, பிரஷர், சீனி. டாக்டரைக் கூப்பிடும்போதும் அதே வரிசையில் சொல்லுங்கள்.