டீம்ல இல்லாதவங்களுக்கும் கிரவுண்ட் உண்டு: காலேஜ்ல ஒரு சாயங்கால விளையாட்டு குரூப் ஆரம்பிக்கிறது எப்படி

சென்னைல நிறைய காலேஜ்ல நல்ல கிரவுண்ட் இருக்கு, வாலிபால் கோர்ட் இருக்கு, ஸ்டோர் ரூம்ல பந்து நெட் எல்லாம் இருக்கு, ஆனா அங்க போறது யாருன்னு பாத்தா டீம்ல இருக்குற பசங்க, ஸ்போர்ட்ஸ் கோட்டால வந்தவங்க, அவ்ளோதான். மத்தவங்க எல்லாரும் மூணு நாலு வருஷம் அந்த கிரவுண்ட் ஓரமா கேன்டீனுக்கு நடந்துட்டு டிகிரி வாங்கிட்டு போயிடுறாங்க. நான் காலேஜ்ல பாடம் எடுக்குறவ, இத வருஷா வருஷம் பாக்குறேன், பாக்குறப்ப எல்லாம் வருத்தமா இருக்கும். ஓடி ஆடுறது அதிகமா தேவைப்படுறது அந்த மத்தவங்களுக்குத்தான்: முதுகு வலிக்குதுன்னு சொல்றவங்க, ராத்திரி தூக்கம் வரலங்குறவங்க, ஊர்லேர்ந்து வந்து யார்கிட்டயும் பேசாம ஹாஸ்டல் ரூம்லயே கெடக்குறவங்க.

அதனால இது அவங்களுக்கு. ஜிம் வேணாம், கோச் வேணாம். பத்து பேர், வாரத்துக்கு மூணு சாயங்காலம், ஒவ்வொரு நாளும் முக்கால் மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோ போதும். உலக சுகாதார நிறுவனம் 2020ல சொன்ன கணக்குப்படி பெரியவங்களுக்கு வாரத்துக்கு கொறஞ்சது 150 நிமிஷம் மிதமான உடற்பயிற்சி வேணும், 300 வரைக்கும் போனா இன்னும் நல்லது, கூட ரெண்டு நாளாவது தசைக்கு வேலை குடுக்கணும். மூணு நாள் 50 நிமிஷம் ஆடினா அந்த 150 வந்துடுச்சு. மிதமானதுன்னா என்னன்னா, ஆடிட்டே பேச முடியும் ஆனா பாட முடியாது, அந்த அளவு மூச்சு வாங்கணும். தசைக்கு, ஆட்டம் முடிஞ்சதும் கிரவுண்ட்லயே கொஞ்சம் தண்டால், கொஞ்சம் தோப்புக்கரணம் போட்டாலே ஆரம்பிக்கிறதுக்கு தாராளம்.

முதல்ல பி.டி. சாரை பாக்கணும், மேடமா இருந்தா மேடத்தை. நிறைய பசங்க அவர் ரூம் பக்கமே போனது கிடையாது, திட்டுவாரோன்னு பயம். போங்க. நீங்க கட்டுற ஃபீஸ்ல ஸ்போர்ட்ஸ் ஃபீஸுன்னு ஒரு வரி இருக்கும், ரசீத எடுத்து பாருங்க, அது டீம்காரங்களுக்கு மட்டும் வாங்குனது இல்ல. இந்த நாட்டுக்கே உடற்கல்வி சொல்லிக் குடுக்க 1920ல ஹாரி குரோ பக் காலேஜ் ஆரம்பிச்சது நம்ம சென்னைலதான், இன்னைக்கும் அது நந்தனம் ஒய்எம்சிஏல இருக்கு, அந்த ஊர்ல படிக்கிற பசங்க பந்தை தொடாம போகக் கூடாதுன்னு நான் நெனக்கிறேன்.

போறப்ப வெறுங்கையோட போகாதீங்க, ஒரு லெட்டர் எழுதிட்டு போங்க. எத்தன பேர், எந்தெந்த நாள், எத்தன மணிலேர்ந்து எத்தன மணி, பொருளுக்கு யார் பொறுப்பு, இந்த நாலும் இருந்தா போதும், கிளாஸ் அட்வைசர் இல்லன்னா ஹெச்.ஓ.டி. கையெழுத்து ஒண்ணு. மெயின் கிரவுண்ட கேக்காதீங்க, டீம் பிராக்டிஸ் நேரத்துல அது கிடைக்காது, கேட்டா முதல்லயே இல்லன்னு வந்துடும். சும்மா கெடக்குற இடத்த கேளுங்க, ரிங் கோர்ட், பழைய பேட்மிண்டன் கோர்ட், ஆடிட்டோரியம் பின்னாடி இருக்குற சிமெண்ட் தரை. பந்து நெட் வாங்க ஐடி கார்டு குடுக்க சொல்வாங்க, குடுங்க, அன்னன்னைக்கே திருப்பி வெச்சுடுங்க. ஒரு மாசம் ஒழுங்கா திருப்பிக் குடுத்தீங்கன்னா அப்புறம் அவரே கூப்ட்டு நல்ல பந்தா எடுத்துக் குடுப்பாரு.

எந்த ஆட்டம்ங்குறதுலதான் நெறைய குரூப் ஒரே வாரத்துல முடிஞ்சு போகுது. தயவு செஞ்சு கிரிக்கெட்ல ஆரம்பிக்காதீங்க. கிரிக்கெட் எனக்கும் புடிக்கும், ஆனா அதுல ஒரு நேரத்துல ரெண்டு பேர் பேட் பண்றாங்க, ஒருத்தர் பந்து போடுறாங்க, ஆடத் தெரியாதவன் எங்கயோ பவுண்டரி ஓரம் வெயில்ல நிக்கிறான், ஒரு கேட்ச் விட்டா எல்லாரும் கத்துறாங்க, மறுநாள் அவன் வரமாட்டான். அவன் வரணும்னுதான இந்த குரூப்பே. ரிங் ஆடுங்க, டென்னிகாய்ட்டு, லேடீஸ் காலேஜ்ல எல்லாம் பல வருஷமா ஆடுறது. ஒரு ரப்பர் வளையம், ஒரு நெட், ஒரு கைல புடிச்சு அதே கைல ஒடனே திருப்பிப் போடணும், அஞ்சு நிமிஷத்துல யாருக்கும் வந்துடும். த்ரோபால் நல்லது. பால் பேட்மிண்டன் இன்னும் நல்லது, தஞ்சாவூர்ல பொறந்த ஆட்டம், மஞ்ச கம்பளி நூல் பந்து, ஒரு பக்கம் அஞ்சு பேர், ஷட்டில் மாதிரி காத்துக்கு பறக்காது அதனால வெளில தைரியமா ஆடலாம். எடம் சின்னதா இருந்தா வட்டமா நின்னு வாலிபால் கீழ விழாம எத்தன தடவ தட்டுறோம்னு எண்ணுங்க, அதுல எதிரணியே கிடையாது, முதல் வாரத்துக்கு இதுதான் சரி.

ரூல் ரெண்டு மூணு போதும். யாரும் அஞ்சு நிமிஷத்துக்கு மேல வெளில உக்காரக் கூடாது. தப்பு பண்ணா கத்தக் கூடாது. டீம் பிரிக்கிறப்ப ரெண்டு கேப்டன் நின்னு ஒவ்வொருத்தரா கூப்புடுற பழக்கம் வேணாம், கடைசியா மிஞ்சுற அந்த ஒருத்தருக்கு அது ரொம்ப வலிக்கும், ஸ்கூல்லேர்ந்தே வலிச்சிருக்கும். ஒண்ணு ரெண்டு எண்ணி பிரிச்சிடுங்க.

பொண்ணுங்களும் வரணும்னா நேரத்த அவங்களுக்கு ஏத்த மாதிரி வையுங்க. லேடீஸ் ஹாஸ்டல்ல ஆறு ஆறரைக்குள்ள உள்ள வந்துடணும்னு பல எடத்துல இருக்கு, நீங்க அஞ்சரைக்கு ஆரம்பிச்சா அவங்கள வராதன்னு சொன்ன மாதிரிதான். சுடிதாரோட ஆட முடியும், துப்பட்டாவ மட்டும் கழட்டி பைல வெக்க ஒரு எடம், டிரெஸ் மாத்தணும்னா ஒரு ரூம், பக்கத்துல திறந்திருக்குற பாத்ரூம், இதெல்லாம் முன்னாடியே பி.டி. மேடம்கிட்ட கேட்டு வெச்சுக்கங்க. பீரியட்ஸ் நாள்ல ஆடலாமா வேணாமான்னு அவங்களே முடிவு பண்ணிப்பாங்க, யாரும் எதும் கேக்க வேணாம். விளையாட்டே புடிக்காதவங்களும் இருப்பாங்க, அவங்க கேம்பஸ சுத்தி வேகமா ஒரு நட போகட்டும். நடக்க ஓட முடியாதவங்க இருந்தா கேரம், டேபிள் டென்னிஸ், அவங்களால என்ன முடியும்னு அவங்களையே கேட்டுட்டு எல்லாரும் சேந்து ஆடுங்க.

இனி டே ஸ்காலர் பிரச்சன, சென்னைக்குன்னே உள்ளது. அரக்கோணம், கும்மிடிப்பூண்டி, செங்கல்பட்டுன்னு எலக்ட்ரிக் ட்ரெயின்ல ரெண்டு பக்கமும் சேத்து தினம் மூணு மணி நேரம் போகுது, காலேஜ் பஸ்ஸுன்னா பெல் அடிச்சதும் கெளம்பிடும், இவங்ககிட்ட போயி சாயங்காலம் விளையாடுங்கன்னா எப்படி? இவங்களுக்கு மூணு வழி. லஞ்ச் பிரேக்ல சாப்புடுறதுக்கு முன்னாடி நெழல்ல 15 நிமிஷம். இல்லன்னா காலைல ஒரு ட்ரெயின் முன்னாடி வந்து முதல் பீரியடுக்கு முன்னாடி. அதுவும் ஆகாதுன்னா வீட்டுப் பக்கத்துல இருக்குற மாநகராட்சி இல்ல நகராட்சி விளையாட்டுத் திடல்ல சனி ஞாயிறு, தெருப் பசங்களோட சேந்து. ஸ்டேஷன்லேர்ந்து வீட்டுக்கு ஷேர் ஆட்டோல போறத விட்டுட்டு வேகமா நடந்தா அதுவும் அந்த 150 நிமிஷத்துல சேரும்.

மெரினாவுக்கோ பெசன்ட் நகருக்கோ எல்லாருமா போயி மணல்ல ஆடலாம், மணல்ல ஓடுனா கெண்டைக் கால் நல்லா ஒழைக்கும். கடல்ல மட்டும் எறங்காதீங்க. நீச்சல் தெரிஞ்சாலும் எறங்காதீங்க, அடியில இழுக்குற தண்ணி அது, காலேஜ் பசங்க செத்துப் போற செய்தி வந்துட்டேதான் இருக்கு. நீச்சல் ஆசைன்னா வேளச்சேரில ஸ்போர்ட்ஸ் டெவலப்மெண்ட் அத்தாரிட்டியோட நீச்சல் குளம் இருக்கு, அங்க போயி முறையா கத்துக்கங்க.

வெயில லேசா எடுக்காதீங்க. நம்ம ஊர்ல காத்துல ஈரம் அதிகம், வேர்வை காயாது, காயலன்னா ஒடம்பு சூடு எறங்காது. ஏப்ரல்லேர்ந்து ஜூன் வரைக்கும் காலைல ஏழுக்கு முன்னாடி இல்ல சாயங்காலம் வெயில் தாழ்ந்தப்புறம்தான். நீர்மோர்ல உப்பு போட்டு ஒரு பாட்டில் கொண்டு வாங்க, கூல்டிரிங்க்ஸ் வேணாம். யாராவது தல சுத்துதுன்னா அப்பவே நெழல்ல ஒக்கார வெச்சு தண்ணி குடுங்க. பேச்சு கொழறுது, சம்பந்தமில்லாம பேசுறாங்க, ஒடம்பு கொதிக்குதுன்னா ஈரத்துணி போட்டு விசிறிட்டே ஒடனே 108க்கு அடிங்க, காத்திருக்காதீங்க. அக்டோபர்லேர்ந்து டிசம்பர் மழைல தேங்குன தண்ணில வெறுங்காலோட ஆடக் கூடாது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வரும். அந்த மாசங்கள்ல காரிடார்ல ஸ்கிப்பிங், படி ஏறி எறங்குறது.

சாப்பாடு பத்தி ஒண்ணு மட்டும் விரிவா சொல்றேன். ஆடுறப்ப ஒரு பொண்ணு ரெண்டு நிமிஷத்துலயே மூச்சு வாங்கி ஒக்காந்துட்டா, ஸ்டாமினா இல்லன்னு எல்லாரும் சொல்வாங்க. பல தடவ அது ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வுல தமிழ்நாட்டுல 15லேர்ந்து 49 வயசுக்குள்ள இருக்குற பொண்ணுங்கள்ல பாதிக்கு மேல ரத்தசோகைன்னு வந்திருக்கு. அதனால மூச்சு வாங்குது, எந்நேரமும் அசதியா இருக்குன்னா பக்கத்துல இருக்குற ஆரம்ப சுகாதார நிலையத்துல ஹீமோகுளோபின் பாத்துடுங்க, 12க்கு கீழ இருந்தா டாக்டர் சொல்ற மாத்திரைய விடாம எடுங்க. சாப்பாட்டோடயே டீ காபி குடிச்சா இரும்புச்சத்து ஒடம்புல சரியா சேராது, ஒரு மணி நேரம் தள்ளி குடிங்க, கூட எலுமிச்சம்பழமோ கொய்யாவோ நெல்லிக்காயோ இருந்தா நல்லா சேரும். மத்தபடி காலைல சாப்புடாம வராதீங்க, ரெண்டு இட்லியாவது. ஆடி முடிச்சதும் சுண்டல், வேர்க்கடலை, முட்டை, வாழைப்பழம். ஒரு முட்டைல சுமார் 6 கிராம் புரோட்டீன் இருக்கு, டப்பா பவுடருக்கு ஆயிரக்கணக்குல குடுக்க வேணாம். ஹாஸ்டல்ல மெஸ் கமிட்டில உங்க ஆள் ஒருத்தர் இருந்தா சாயங்காலம் பஜ்ஜிக்கு பதிலா வாரம் ரெண்டு நாள் சுண்டல் கேளுங்க, செலவும் அவங்களுக்கு கம்மிதான்.

தூக்கம் ஏழுலேர்ந்து ஒம்போது மணி நேரம் வேணும் இந்த வயசுல. படுக்குற நேரத்த மாத்த முடியலன்னா எழுந்திரிக்கிற நேரத்த மாத்தாம வையுங்க, ஞாயித்துக்கிழமையும் சேத்து, படுக்குற நேரம் தானா சரியாகும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு குடிச்ச காபில பாதி ராத்திரி பத்துக்கும் ஒடம்புல இருக்கும், அதனால ஆட்டம் முடிஞ்சு காபி வேணாம். படிச்சது மனசுல நிக்கிறது தூக்கத்துலதான், செமஸ்டர் அன்னைக்கு விடிய விடிய முழிச்சு படிச்சா அந்த வேலையே நடக்காது. எக்ஸாம் நேரத்துல குரூப்ப நிறுத்தாதீங்க, 20 நிமிஷமா கொறச்சுக்கங்க. நிறுத்துனா மறுபடி கூட்டுறது கஷ்டம், அதுவும் இல்லாம அந்த நேரத்துலதான் ஒவ்வொருத்தரும் தனியா ரூம்ல அடைஞ்சு கெடப்பாங்க.

இந்த குரூப்பால இன்னொரு நன்மை, எனக்கு இதுதான் பெருசா தெரியுது. தினம் வர்றவன் மூணு நாளா வரலன்னா உங்களுக்கு தெரிஞ்சுடும், கிளாஸ்ல 60 பேர்ல அது தெரியாது. அப்ப மெசேஜ் போடாம நேர்ல போயி பாருங்க. என்னடா ஆச்சுன்னு கேட்டுட்டு அவன் பேசுறத கேளுங்க, அட்வைஸ் பண்ணாதீங்க. வாழவே புடிக்கலங்குற மாதிரி பேசுனா சாகணும்னு தோணுதான்னு நேராவே கேக்கலாம், கேக்குறதால அந்த எண்ணம் வந்துடாது, சொல்லலாம்ங்குற தைரியம்தான் வரும். ஆமான்னு சொன்னா தனியா விடாதீங்க, வார்டன்கிட்டயோ நம்பிக்கையான டீச்சர்கிட்டயோ அப்பவே சொல்லுங்க, யார்கிட்டயும் சொல்லாதன்னு சத்தியம் வாங்கியிருந்தாலும் சொல்லுங்க. மனநல உதவிக்கு அரசு நடத்துற டெலி மானஸ் நம்பர் 14416, எந்த நேரமும் தமிழ்ல பேசலாம், இலவசம். அரசோட சுகாதார உதவி நம்பர் 104க்கும் அடிக்கலாம். 100 பேரோ அதுக்கு மேலயோ படிக்கிற எடத்துல பயிற்சி பெற்ற கவுன்சிலர் ஒருத்தராவது இருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் 2025 ஜூலைல சொல்லியிருக்கு, உங்க காலேஜ்ல யாருன்னு இப்பவே தெரிஞ்சு வெச்சுக்கங்க. விளையாட்டு மனசுக்கு நல்லதுதான், ஆனா டிப்ரெஷனுக்கு விளையாடு சரியாயிடும்னு மட்டும் யார்கிட்டயும் சொல்லாதீங்க, அதுக்கு வைத்தியம் வேணும்.

என் கூட வேல பாக்குறவங்களுக்கும் ஒரு வார்த்த. சிலபஸ் முடியலன்னு பி.டி. பீரியட புடுங்கி ஸ்பெஷல் கிளாஸ் வெக்காதீங்க. முடிஞ்சா ஒரு நாள் நீங்களும் போயி ஆடுங்க, ஸ்டாஃப் ஒருத்தர் வந்தாலே பர்மிஷன் பிரச்சன பாதி தீரும்.

கிளாஸ் குரூப்புல என்ன போடணும்னு யோசிச்சு நாள ஓட்டாதீங்க, இத அப்படியே போடுங்க, வெயில் மாசமா இருந்தா நேரத்த மட்டும் மாத்திக்கங்க: "நாளைக்கு 3.40க்கு ரிங் கோர்ட் பக்கம் வாங்க, ஆடத் தெரியணும்னு அவசியம் இல்ல, 4.30க்கு முடிச்சுடலாம், பஸ் மிஸ் ஆகாது." லைக் 30 வரும், ஆள் நாலுதான் வரும். ரிங்ல ஒரு பக்கம் ரெண்டு பேர் நின்னு ஆடலாம், நாலு பேர் போதும், ஆரம்பிச்சுடுங்க. அடுத்த வாரமும் அதே நாள் அதே நேரம் அங்கயே நில்லுங்க, கேன்டீனுக்கு போற வழில நின்னு பாக்குறவங்கள பேர் கேட்டு கூப்புடுங்க.