அம்பாசடரின் பின் பிரேக் பிடித்துக்கொண்டால்

டிரம்மைக் கழற்றும் முன் ப்ளீடர் நிப்பிளை, அதாவது பிரேக் லைனிலிருந்து காற்றை வெளியேற்றும் சிறு திருகை, திறந்து பாருங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, கியரை நியூட்ரலில் வைத்து, பெடலை ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். இறுகியிருந்தால் நிப்பிளை அரைச் சுற்றுத் திறவுங்கள். சக்கரம் உடனே விடுபட்டால் லைனில் அழுத்தம் தேங்குகிறது என்று பொருள். ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கும். அல்லது பெடலுக்கு ஃப்ரீ பிளே (அழுத்தத் தொடங்கும்போது சும்மா இறங்கும் சிறு இடைவெளி) இல்லாமல் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் துளை அடைபட்டிருக்கும். பின் ஆக்ஸிலுக்கு ஒரே ஹோஸ் என்பதால், அது வீங்கினால் இரண்டு சக்கரமும் சேர்ந்தே பிடிக்கும். நிப்பிளைத் திறந்தும் விடாவிட்டால் ரிட்டர்ன் ஸ்பிரிங், துருவேறிய வீல் சிலிண்டர் பிஸ்டன், ஹேண்ட் பிரேக் கேபிள் ஆகியவற்றைப் பாருங்கள்.

டிரம்முக்குள் ஈரமா? ஒரு சொட்டைத் தண்ணீரில் விடுங்கள். கரைந்தால் பிரேக் ஆயில், வீல் சிலிண்டரின் ரப்பர் கப் போய்விட்டது. மிதந்தால் டிஃபரன்ஷியல் ஆயில், ஆக்ஸிலின் ஆயில் சீல் போய்விட்டது. அந்த ஆயில் சீலை மாற்றும்போது ஆக்ஸில் பிரீதரையும் (காற்றுப் போக்கியையும்) சுத்தம் செய்யுங்கள், அது அடைத்தால் புது சீலும் கசியும். நனைந்த லைனிங்கை (பிரேக் ஷூவின் உராய்வுப் பட்டையை) பெட்ரோலில் கழுவிப் போடவே கூடாது, இரு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள். பழைய லைனிங் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். காற்றடிக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.