தாயக வெயிலும் சன்ஸ்கிரீனும்: போகுமுன் திருத்திக்கொள்ள வேண்டிய சில எண்ணங்கள்

“நம்முடைய தோலுக்கு இதெல்லாம் எதற்கு? அது வெள்ளைக்காரர்கள் பூசுவது.” வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ தாயகம் செல்லப் பெட்டி கட்டும் வீடுகளில், வெயிலிலிருந்து தோலைக் காக்கப் பூசும் கிரீமான சன்ஸ்கிரீன் பற்றிய பேச்சு பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியத்தோடு முடிந்துவிடுகிறது. மற்றத் தவறான எண்ணங்களைவிட அதிகம் கெடுப்பது இதுதான்.

தோலுக்கு நிறம் தரும் மெலனின் காப்பு தருகிறது என்பது உண்மை. வெளிறிய தோலைவிட நம் தோல் வெயிலில் எரிவது குறைவு. தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறைவு. ஆனால் அந்தக் காப்பு அரைகுறையானது. மாநிறத் தோலில் வெயிலின் சேதம் வேறு முகத்தோடு வருகிறது: கன்னத்திலும் நெற்றியிலும் திட்டுத்திட்டாகப் படரும் மங்கு, ஆறிய பருவின் தழும்பு கருத்து மாதக்கணக்கில் மறையாமல் நிற்பது. இவற்றைத் தூண்டுவதில் புற ஊதாக் கதிரோடு, கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கும் பங்குண்டு. வழக்கமான சன்ஸ்கிரீன் அந்த ஒளியை அதிகம் தடுப்பதில்லை. அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறம் ஏற்றிய வகைகள் தடுக்கின்றன. ஏற்கெனவே மங்கு இருப்பவர்கள் அதைத் தேடி வாங்குங்கள். முகத்தில் சாம்பல் பூசியதுபோல் வெளிறி நிற்கும் தொல்லையும் அதில் குறைவு.

இதோடு சேர்த்து ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சன்ஸ்கிரீன் நிறத்தை வெளுக்க வைக்கும் கிரீம் அல்ல. பிள்ளைகளுக்குப் பூசிவிடும்போது “கறுத்துப்போவாய்” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். கறுப்பில் ஒரு குறையும் இல்லை. தோல் எரியும், புண்ணாகும், அதனால் பூசுகிறோம் என்று சொல்லுங்கள். அவர்களுக்கு அது நன்றாகவே புரியும்.

அடுத்தது, சூட்டை வைத்து வெயிலை அளக்கும் பழக்கம். டிசம்பரில் போகிறோம், அப்போது காற்று இதமாக இருக்கும், வெயில் ஒன்றும் செய்யாது என்று நினைக்கிறோம். சூடு வேறு, புற ஊதாக் கதிர் வேறு. கதிரின் வலிமையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது சூரியன் வானத்தில் எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்பதுதான். தமிழ்நாடும் இலங்கையின் வடக்கு, கிழக்கும் நிலநடுக்கோட்டிலிருந்து 14 பாகைக்குள் இருப்பவை. அங்கே டிசம்பர் மாத நண்பகல், மேகமில்லாத நாளில், லண்டனின் நடுக்கோடை நண்பகலுக்குச் சற்றும் குறைந்ததல்ல. ஆகஸ்ட் விடுமுறையில் போகிறவர்களோ சூரியன் ஏறத்தாழ உச்சந்தலைக்கு மேல் நிற்கும் காலத்தில் போய் இறங்குகிறார்கள். கதிரின் வலிமையைக் காட்டும் புற ஊதாக் குறியீட்டெண் (யுவி இண்டெக்ஸ்) 3 அல்லது அதற்கு மேல் போனாலே பாதுகாப்பு தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். அங்கே அந்த எண் 11ஐத் தாண்டும் நாட்கள் சாதாரணம். கைபேசியில் வானிலை பார்க்கும்போது வெப்பநிலையோடு இந்த எண்ணையும் பாருங்கள். கைபேசி கையில் இல்லையென்றால் உங்கள் நிழலைப் பாருங்கள்: அது உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் கதிர் கடுமையாக இருக்கிறது.

மேகமூட்டத்தையும் நம்ப வேண்டாம். மெல்லிய மேகத்தின் வழியே பெரும்பகுதிக் கதிர் இறங்கிவிடும். வாகனக் கண்ணாடியும் அரைக் காவல்தான். சாதாரணக் கண்ணாடி, புற ஊதாக் கதிரில் தோலை எரிக்கும் வகையான யுவிபி கதிரைத் தடுத்துவிடும்; ஆழமாக இறங்கும் வகையான யுவிஏ கதிரில் நல்ல பங்கை உள்ளே விட்டுவிடும். விமான நிலையத்திலிருந்து ஊர் வரை பல மணி நேரம் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர்களின் ஒரு பக்கக் கன்னமும் முழங்கையும் அவ்வளவு நேரமும் வெயிலில்தான் இருக்கின்றன. சன்ஸ்கிரீன் குப்பியில் காப்பின் அளவாகப் போட்டிருக்கும் எஸ்பிஎஃப் எண் முக்கியமாகச் சொல்வது யுவிபி காப்பை. யுவிஏ காப்புக்கு ‘பிராட் ஸ்பெக்ட்ரம்’ என்ற சொல்லோ, வட்டத்துக்குள் யுவிஏ என்ற குறியோ, பிஏ என்ற எழுத்துகளும் கூட்டல் குறிகளும் கொண்ட அடையாளமோ இருக்கிறதா என்று பாருங்கள்.

எஸ்பிஎஃப் 50 என்றால் 30ஐவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு காப்பு என்பதும் தவறு. ஆய்வுக்கூடத்தில் 30 தடுப்பது யுவிபி கதிரில் சுமார் 97 சதவீதம். 50 தடுப்பது சுமார் 98. அதுவும் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்ற தடிப்பில் பூசினால்தான். பெரும்பாலோர் பூசுவது அதில் பாதிகூட இருப்பதில்லை. அதனால் எண்ணைத் துரத்துவதைவிட அளவைக் கவனியுங்கள் என்பேன். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரை இரண்டு கோடுகள் பிதுக்குங்கள். முகத்துக்கும் கழுத்துக்கும் அவ்வளவு வேண்டும். காது மடல், பின்கழுத்து, ரவிக்கைக்கு மேலே திறந்திருக்கும் முதுகு, செருப்பு வார்களுக்கு இடையே தெரியும் புறங்கால் ஆகியவை எப்போதும் விட்டுப்போகும் இடங்கள். மேக்கப்பில் 15, கிரீமில் 30 என்று கூட்டி 45 என்று கணக்குப் போடவும் முடியாது.

காலையில் பூசினால் மாலை வரை போதும் என்பவர்களுக்கு அங்கே வியர்வையே பதில் சொல்லிவிடும். வெளியே போக 15, 20 நிமிடம் முன்பு பூசுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையும், நீரிலிருந்து ஏறித் துவட்டிய பிறகும், நன்றாக வியர்த்த பிறகும் மறுபடி பூசுங்கள். நீரில் கரையாது என்று போட்டிருந்தாலும் அதற்குக் கால வரம்பு உண்டு.

கொசு விரட்டியும் பூச வேண்டிய ஊர்கள் இவை. முதலில் சன்ஸ்கிரீன், அது காய்ந்த பிறகு கொசு விரட்டி. இரண்டும் ஒன்றாகக் கலந்து வருவதை வாங்காதீர்கள். சன்ஸ்கிரீனை அடிக்கடி பூச வேண்டும், கொசு விரட்டியை அவ்வளவு அடிக்கடி பூசக் கூடாது. மலேரியா தடுப்புக்கு டாக்ஸிசைக்ளின் எழுதித் தந்திருந்தால் இரட்டைக் கவனம் வேண்டும். அந்த மாத்திரை தோலை வெயிலுக்கு எளிதில் எரியவைக்கும். வேறு மருந்துகள் எடுப்பவர்களும் மருந்தாளரிடம் இதைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

சன்ஸ்கிரீன் பூசினால் வைட்டமின் டி குறைந்துவிடும் என்ற பயம் பெரும்பாலும் தேவையற்றது. அன்றாடம் நாம் பூசும் விதத்தில் அப்படி நேர்வதில்லை. வைட்டமின் ஏற்கெனவே குறைவாக இருந்தால் அதற்கு வழி மாத்திரை, மருத்துவரைக் கேட்டு.

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளுக்குக் கிரீமை நம்பாமல் நிழலையும் நெருக்கமாக நெய்த பருத்தி ஆடையையும் தொப்பியையும் நம்புங்கள். பெரியவர்களுக்கும் காலை பத்து மணிக்கு மேல் பிற்பகல் நான்கு வரை நிழல்தான் முதல் காப்பு. குப்பியை நிறுத்திவைத்த வாகனத்துக்குள் விட்டுப் போகாதீர்கள். சூட்டில் கிரீம் திரிந்து நீர் பிரிந்தால் அதன் காப்பை நம்ப முடியாது. போன பயணத்தில் மிஞ்சியதைக் கொண்டுபோவதானால் காலாவதித் தேதியைப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள்.